அழுவதற்கும் நேரம் வேண்டும்

(மண்சரிவில் உறவுகளை இழந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடல் ஒன்றில், கல்முனைக் கரையிலிருந்து வந்திருந்த கிறிஸ்தவ சபைக் குழுவினர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தருகிறோம்.)



கல்முனையிலிருந்து இந்த மலைக்கு ஏறி வர ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. கடற்கரைக்காரருக்கு உங்கள் குளிர் கொஞ்சம் அதிகம்தான். வந்து இறங்கியதும் சுடச்சுடத் தேத்தண்ணி தந்தீர்கள். கரையில் நாங்கள் நாளுக்கு நாலு தரம் குடிக்கிற தேத்தண்ணி, இப்படிப்பட்ட மலையிலே யாரோ ஒரு தாய் கொழுந்து கிள்ளிக் கொடுத்ததுதான். குடிக்கிற நேரம் அந்த நினைவு எங்களுக்கு வருவதில்லை. இனி வரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்களில் அதிகம் பேர் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள். நாங்கள் இயேசுவைக் கும்பிடுகிறவர்கள். உங்களை எங்கள் பக்கம் இழுக்க நாங்கள் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் பகுதிக்கு உதவி கொண்டு வந்தவர்களில் சிலர் ஒரு கையில் அரிசிப் பையும் மறு கையில் துண்டுப் பிரசுரமுமாக வந்தார்கள். பசித்தவனிடம் அப்படிப் போவது முறையில்லை என்று அன்றைக்கே நாங்கள் நினைத்தோம், இன்றைக்கும் நினைக்கிறோம். நீங்கள் இழந்திருக்கிறீர்கள், நாங்களும் இழந்தவர்கள். எங்களுக்கு எது உதவியது, எது உதவவில்லை என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வந்தோம். எங்களுக்கு உதவியதெல்லாம் எங்கள் விசுவாசத்தின் வழியாக வந்ததால் அந்தப் பாஷையிலே பேசுவோம். உங்களுக்கு ஆகக்கூடியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் நீளத்துக்கு ஊர்தான். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கும். ஓர் ஊர் முஸ்லிம்கள் ஊர், அடுத்தது தமிழர் ஊர், திரும்பவும் முஸ்லிம்கள் ஊர். எல்லோருக்கும் பேச்சு தமிழ்தான். பள்ளிவாசலின் பாங்கும் கோயில் மணியும் ஒரே காதில் விழும். அதற்கு நடுவிலே கொஞ்சப் பேராகக் கிறிஸ்தவர்கள் நாங்கள். மெதடிஸ்த சபையும் கத்தோலிக்க சபையும் அங்கே வந்து பள்ளிக்கூடங்கள் கட்டியது பழைய கதை. கிழக்குப் பக்கம் கடல், மேற்குப் பக்கம் வயல். இரண்டுக்கும் இடையிலே ஒடுங்கிய மணல் நிலத்தில், கடற்கரை வரைக்கும் வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டி இருந்தோம். உங்கள் லயத்தைப் போலத்தான், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும் கூட. நத்தாருக்கு மறுநாள். நத்தார்ப் பலகாரம் தட்டிலே மிச்சம் இருந்தது. அதிகாலையில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்தவும் ஒரு ஏற்பாடு இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. இந்த நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் 10,000க்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்துக்காரர். இலங்கையிலே எல்லாவற்றிலும் கூட இழந்த மாவட்டம் எங்களுடையது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் கடலை ஒட்டிய தெருக்கள் இருந்த இடம் தெரியாமல் போயின.

உங்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கியபோது, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தால் லயம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையிலே பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளைப் பக்கங்களில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள். எங்களுக்குத் தண்ணீர், உங்களுக்கு மண். காலையில் இருந்த வீடு மத்தியானம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று சொல்லுகிறோம்.

முதல் கிழமையிலேயே காரணம் சொல்லுகிறவர்கள் வந்துவிட்டார்கள். "கடற்கரையில் பாவம் கூடிப்போச்சு, அதனால்தான் ஆண்டவர் அடித்தார்" என்று சொன்னவர்கள் எங்களுக்குள்ளும் இருந்தார்கள், மற்ற மதத்தவர்களுக்குள்ளும் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய், "என்ட நாலு வயசுப் புள்ள என்ன பாவம் செஞ்சிச்சு?" என்று எங்களிடம் கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பொய் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஏனென்றால் இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் நசுங்கிச் செத்தார்கள். அந்த 18 பேரும் ஊரிலே மற்ற எல்லோரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். கட்டடம் விழுந்து செத்தவனைப் பாவி என்று சொல்ல அவர் யாரையும் விடவில்லை. மலை விழுந்து செத்தவர்களைப் பற்றியும் யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், தெய்வத்தின் பெயரால் சொன்னாலும், நீங்கள் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எழும்பிப் போகலாம்.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. அது கேட்க இனிப்பாக இருக்கும், அதனாலேயே இன்னும் ஆபத்து. மட்டக்களப்பு நாவலடியிலே கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு சிறுவர் இல்லம் இருந்தது. தயாளன் சாண்டர்ஸ் என்ற போதகர் நடத்தினார். அலை வருகிறதைக் கண்டு, 28 பிள்ளைகளையும் ஒரு படகில் ஏற்றி வாவிக்குள் ஓட்டித் தப்பினார். ஒரு பிள்ளையும் சாகவில்லை. உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. நாங்களும் கேட்டுக் கண்ணீர் விட்டு ஸ்தோத்திரம் செய்தோம். ஆனால் அதை வைத்து, "பார்த்தீர்களா, விசுவாசம் இருந்தவன் பிழைத்தான்" என்று சிலர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார்கள். அதே நாவலடியில் வீடு வீடாகக் குடும்பங்கள் அழிந்தன. அந்தத் தாய்மாரும் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தங்கள் தெய்வத்தைக் கூப்பிட்டவர்கள்தானே? பிழைத்தவர்கள் நன்றி சொல்லட்டும், அது நியாயம். ஆனால் பிழைத்தவரின் நன்றியை எடுத்து, இழந்தவரின் தலையில் கல்லாகப் போடக் கூடாது. எங்கள் வேதத்தில் இயேசு பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. ஏரோது ராஜா பெத்லகேமின் சின்னப் பிள்ளைகளை வெட்டச் சொன்னான். ஒரு குழந்தையை எகிப்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள், மற்றக் குழந்தைகள் செத்தன. அந்தத் தாய்மார் ஆறுதல் வேண்டாம் என்று அழுததையும் மத்தேயு மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்காக டிசம்பர் 28ஆம் திகதி திருநாளே இருக்கிறது. 2004ஆம் ஆண்டு அந்த நாள், அலை வந்து மூன்றாம் நாளாக இருந்தது. நாங்கள் இன்னும் மணலைக் கிண்டித் தேடிக்கொண்டு இருந்தோம்.

ஆகவே விசுவாசம் எங்களுக்கு ஒரு விளக்கத்தைத் தரவில்லை. இன்றைக்கும் எங்களிடம் விளக்கம் இல்லை. அது தந்தது வேறு.

முதலாவது, அழ விட்டது. பெரிய காரியம் அது. துக்க வீட்டுக்கு வருகிறவர்கள், "அழாதே, தைரியமாக இரு, ஆண்டவர் இருக்கிறார்" என்று சொல்லுவார்கள். நல்ல மனசோடுதான் சொல்லுவார்கள். ஆனால் லாசரு செத்த வீட்டுக்குப் போன இயேசு, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும், நின்று அழுதார். அவரே அழுதிருக்க, நம்மை அழாதே என்று சொல்ல யாருக்கு உரிமை? வேதத்திலே சங்கீதங்கள் 150. அதில் எத்தனையோ சங்கீதங்கள் கடவுளிடம் முறைப்பாடு செய்கிறவை. ஏன் இப்படிச் செய்தீர், எங்கே போனீர் என்று சண்டை பிடிக்கிறவை. 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். கடைசி வரி வரைக்கும் இருட்டுத்தான், நன்றி சொல்லாமலே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் சபையில் அந்த வருஷம் பல மாதங்கள் சந்தோஷப் பாட்டுப் பாடவில்லை. ஒரு பெரியவர் ஆராதனைக்கு வந்து, வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் போவார். "அவரோட எனக்குக் கோவம், ஆனா வீட்டுக்கு வராம இருக்க ஏலாது" என்று சொன்னார். அது நல்ல விசுவாசம் என்று எங்களுக்குப் பட்டது.

யோபுவின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மாடு, ஒட்டகம், பத்துப் பிள்ளைகள், எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. மூன்று சிநேகிதர் பார்க்க வந்தார்கள். ஏழு பகல், ஏழு இரவு அவனோடு தரையில் இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள், எல்லாம் கெட்டது. முகாமிலே எங்களோடு வந்து சும்மா இருந்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. பேசியவர்கள் பேசியதெல்லாம் மறந்துவிட்டது.

இரண்டாவது, சாப்பாடு. சிரிக்காதீர்கள், உண்மையாகச் சொல்லுகிறோம். எலியா என்று ஒரு பெரிய தீர்க்கதரிசி இருந்தார். ஒரு நேரம் மனம் உடைந்து, வனாந்தரத்தில் ஒரு சூரைச் செடிக்குக் கீழே படுத்து, என் உயிரை எடுத்துவிடும் என்று கடவுளிடம் கேட்டார். கடவுள் புத்தி சொல்லவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பினான். பக்கத்தில் நெருப்பிலே சுட்ட ரொட்டியும் ஒரு கலயம் தண்ணீரும். சாப்பிட்டார், திரும்பப் படுத்தார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதற்குப் பிறகுதான் பயணம், அதற்குப் பிறகுதான் பேச்சு. செத்த வீட்டில் மூன்றாம் நாள், நாலாம் நாள் ஆட்கள் கலைந்து போன பிறகு அடுப்பு அணைந்து கிடக்கும். அப்போது ஒரு ரொட்டியும் ஒரு சம்பலும் கொண்டுபோய் வைக்கிற அடுத்த காம்பராக்காரி தூதனின் வேலையைத்தான் செய்கிறாள். அவளுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

எங்களுக்கு அந்த ரொட்டி பெரும்பாலும் முஸ்லிம் வீடுகளிலிருந்து வந்தது. இதைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். அதற்கு முந்திய வருஷங்களில் எங்கள் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நல்ல உறவு இருக்கவில்லை. யுத்தம் நடந்த மண். இரண்டு பக்கத்திலும் இரத்தம் சிந்தியிருக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல், கோயில், பள்ளிக்கூடம் எதுவும் யார் என்று கேட்கவில்லை. ஆட்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். மேற்கே இருந்து, கடல் வராத ஊர்களிலிருந்து, சோற்றுப் பார்சல் வந்தது. மையித்துகளை அடக்கிக்கொண்டிருந்த முஸ்லிம் இளைஞர்கள் எங்கள் பிரேதங்களையும் தூக்கித் தந்தார்கள், அவர்களுடையவற்றை எங்கள் பொடியன்மாரும் தூக்கினார்கள். நத்தார் போன மறுநாள் அலை. ஜனவரி நடுவில் தைப்பொங்கல், மூன்றாம் கிழமையில் ஹஜ்ஜுப் பெருநாள். ஒரு மாதத்துக்குள் மூன்று சமூகத்தின் பெருநாளும் வந்து, மூன்றும் கண்ணீரோடே போயின. வாப்பாவை இழந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தப் பெருநாளுக்குப் புது உடுப்புப் போடமாட்டேன் என்று எங்கள் வீட்டு வாசலில் வந்து இருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு ஒரு கடினமான காரியம் வந்தது. உங்களில் சிலர் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறோம். உடல் கிடைக்காதவர்களின் காரியம். கடல் பலரைத் திருப்பித் தரவில்லை. கிடைத்தவர்களையும் அடையாளம் பார்க்க நேரமில்லாமல் ஒன்றாகப் புதைத்தார்கள். மரணச் சான்றிதழ் இல்லாமல் நட்ட ஈடு எடுக்க முடியாது, ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்க முடியாது, பிள்ளைக்குப் பாதுகாவலர் நியமிக்க முடியாது. அதற்காக 2005இல் 16ஆம் இலக்கச் சட்டமாகச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். உடல் கிடைக்காவிட்டாலும் மரணத்தைப் பதிய அது வழி செய்தது. ஆனால் ஒரு பெண், "அந்தக் கடதாசியில கையெழுத்துப் போட்டா நானே அவரக் கொன்ட மாதிரி" என்று சொல்லி, பல மாதம் போகவே இல்லை. யாரும் அவளை நெருக்கவில்லை. ஒரு நாள் சபையில் அவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்து, உடல் இல்லாமலே அடக்க ஆராதனை செய்தோம். அடுத்த கிழமை அவளாகவே பிரதேச செயலகத்துக்குப் போனாள். உடல் இல்லாவிட்டாலும் சடங்கு செய்யலாம், பெயர் இருந்தால் போதும். உங்கள் முறைப்படி கருமாதி செய்யுங்கள், காரியம் செய்யுங்கள். சான்றிதழ் விஷயத்தையும் தள்ளிப் போடாமல் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் கேட்டு வையுங்கள். போகத் தைரியமில்லாத ஆளோடு ஒருவர் துணைக்குப் போங்கள்.

கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு குழந்தையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்றைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் 81ஆவது. பெயர் தெரியாததால் 81 என்றே உலகம் கூப்பிட்டது. ஒன்பது தாய்மார் தங்கள் பிள்ளை என்று சண்டை பிடித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் நீதிமன்றத்துக்கு முறையாக வந்து கேட்டது ஒரே ஒரு தம்பதிதான். மரபணுப் பரிசோதனை செய்து, 2005 பெப்ரவரியில் பிள்ளை அவர்களுடையதே என்று உறுதியாகி, கையில் கொடுத்தார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் அந்த வார்டுக்கு வந்து, ஒரு தரம் எட்டிப் பார்த்து, இது நம்முடையது இல்லை என்று தெரிந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போன தாய்மாரும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் ஜெபத்தில் அவர்களை நினைப்பதுண்டு.

மூன்றாவது, வேலை. இதைச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தோட்டத்திலே, செத்த வீடு முடிந்த கையோடு "பேர் போட்டாத்தான் சம்பளம்" என்று பெண்களை மலைக்கு அனுப்பி விடுகிற வழக்கம் இருக்கிறது. அதை நாங்கள் சொல்லவில்லை. துரத்தி அனுப்புகிற வேலை ஆளை முறிக்கும். நேரம் வரும்போது தானாக எழும்பிச் செய்கிற வேலைதான் ஆளை நிமிர்த்தும்.

எங்கள் மீனவர்கள் பல மாதம் கடலுக்குப் போகவில்லை. தோணி இல்லை, வலை இல்லை என்பது ஒரு காரணம். பயம் பெரிய காரணம். போதாததற்கு, பிரேதத்தைத் தின்ற மீன் என்று சொல்லி ஆட்கள் மீன் வாங்கவே இல்லை. கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றும் அரசாங்கம் சொன்னது. மேற்கே தள்ளிக் கட்டலாம் என்றால் அங்கே வயல். தகரக் கொட்டிலில் வருஷக் கணக்கில் இருந்தார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டி முடித்தும், யாருக்குக் கொடுப்பது என்று வழக்காகி, பூட்டியபடியே பத்து வருஷத்துக்கும் மேலாகக் காடு பற்றிக் கிடந்தன. வீட்டுக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. மீரியபெத்தை ஆட்களுக்கும் புது வீடு 2016இல்தான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்தது யோவான் எழுதியதின் 21ஆம் அதிகாரம். இயேசுவை இழந்துபோன சீஷர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பழைய தொழிலுக்கே போனார்கள். இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் இல்லை. விடியக் காலையில் கரையில் யாரோ ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கத்தில் வலை போட்டார்கள், இழுக்க முடியாத அளவு மீன். கரைக்கு வந்தால், அங்கே கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்திருக்கிறார். செத்து எழும்பினவர் செய்த காரியத்தைப் பாருங்கள். இரவெல்லாம் விழித்த தொழிலாளிகளுக்குக் காலைச் சாப்பாடு ஆக்கினார். பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்தவன். அவனிடம் கேட்கவேண்டியதைக்கூடச் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கேட்டார். கடலுக்குப் பயந்த ஒரு மீனவர் இதை வாசிக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அவர் கரையில நிக்கிறார், நான் போய்ட்டு வரலாம்" என்று சொன்னார். முதல் நாள் போனார், கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வலை போட்டார். மருதமுனையில் முஸ்லிம் சகோதரர்கள் தண்ணீர் அடித்த தறிகளைக் கழுவித் திருத்தித் திரும்பவும் சாரம் நெய்யத் தொடங்கினார்கள். அந்தத் தறிச் சத்தம் திரும்பக் கேட்ட நாள் எங்களுக்கும் ஆறுதலாக இருந்தது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் பேசி ஆற்றுவார்கள், பிள்ளை விளையாடித்தான் ஆற்றும். மட்டக்களப்பிலே யேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவிலிருந்து வந்த ஒரு கலைஞரும் சேர்ந்து 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். யுத்தத்தில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே வந்து களிமண் பிசைந்து, படம் வரைந்து, கதை சொல்லி, பறவை மிருகங்களோடு விளையாடினார்கள். உங்கள் பிள்ளை மடுவத்திலே அதைச் செய்யப் பெரிய காசு வேண்டாம். பிள்ளை மலையைக் கறுப்பாக வரைந்தால் வரையட்டும். "அம்மா எப்ப வருவா?" என்று கேட்டால், தூரப் பயணம் போயிருக்கிறா என்று பொய் சொல்லாதீர்கள். செத்துப்போனா என்று மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

மனிதனின் கையால் வருகிற இழப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் சபையில் குண்டு வெடித்து 30 பேரளவில் இறந்தார்கள். அதில் 14 பேர் பிள்ளைகள், ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்றவர்கள். ஐந்தாம் நாள், 26ஆம் திகதி இரவு, அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் எங்கள் பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் தங்கள் குழந்தைகளோடு வெடித்துச் செத்தார்கள். அந்த வீட்டில் சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்கள்தான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீயோன் சபையின் தலைமைப் போதகர் ரொஷான் மகேசன், எங்களுக்கு வலிக்கிறது, கோபமும் இருக்கிறது, ஆனாலும் செய்தவர்களை மன்னிக்கிறோம் என்ற கருத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நாட்களில் எங்கள் தெருவின் முஸ்லிம் முதலாளிமார் எங்கள் முகத்தைப் பார்க்கவே கூசினார்கள். சுனாமி நேரம் சோறு தந்தவர்கள் அவர்கள். இந்த முறை நாங்கள்தான் முதலில் கடைக்குப் போனோம், சாமான் வாங்கினோம், கதைத்தோம்.

மன்னிப்பதைப் பற்றி எங்கள் அபிப்பிராயம் இது. ஒரு சபை நின்று மன்னிக்கிறோம் என்று சொல்வது பெரிய காரியம், அதனால் ஊர் எரியாமல் தப்பியது. ஆனால் பிள்ளையைப் புதைத்த தாயைப் பார்த்து, நீயும் இன்றைக்கே மன்னி என்று நெருக்கக் கூடாது. அவளுக்கு ஐந்து வருஷம் செல்லலாம், இருபது வருஷம் செல்லலாம். இயேசு உயிரோடு எழும்பி வந்தபோதும் அவருடைய கையில் ஆணி அடித்த காயம் இருந்தது. தோமா அதைப் பார்த்துத்தான் அவரை நம்பினான். எழும்பினவருக்கே காயம் மறையவில்லை என்றால், நமக்கு மறைய வேண்டும் என்று யார் கேட்பது?

ஆண்களிடம் தனியாக ஒன்று. பெண்கள் பீலியடியில் கூடிப் பேசி அழுவார்கள். ஆண்களுக்கு அழ இடம் இல்லை, தவறணைதான் இருக்கிறது. முகாம்களிலே சாராயத்தால் இரண்டாம் தரம் அழிந்த குடும்பங்களை நாங்கள் கண்டோம். நட்ட ஈட்டுப் பணம் போத்தலில் போனது. கோவில் படியிலே இருந்து அழுதாலும் வெட்கமில்லை ஐயா. செத்துவிடலாம் என்று யோசனை வந்தால் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் தொலைபேசியில் பேசலாம். எலியாவுக்கும் அந்த யோசனை வந்தது என்று சொன்னோமே, அவர் தீர்க்கதரிசி.

நாங்கள் பேச வேண்டியது இவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் காலையில் கடற்கரையில் நின்று பெயர்களை வாசிப்போம். எந்த மதம் என்று பிரிக்காமல் வாசிப்போம். இன்றைக்கு இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று உங்கள் தலைவர்மாரிடம் கேட்டோம், சரி என்றார்கள். ஒரு கொப்பி வைத்திருக்கிறோம், வாசலடியில் இருக்கிற தங்கச்சியிடம் சொன்னால் எழுதிக்கொள்ளுவா. கைக்குழந்தையாக இருந்து பெயர் வைக்க முன்னம் போன பிள்ளையாக இருந்தால், இன்னாருடைய பிள்ளை என்று சொல்லுங்கள், அப்படியே வாசிப்போம். அவசரமில்லை. எல்லோரும் சொல்லி முடிந்த பிறகு தொடங்குவோம்.